ஆறடித் தொட்டியும் அக்காவின் கையும்

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பது ஊருக்கே தெரியும். மீன் கண்காட்சியில் கோப்பையோடு நிற்கிற உன் படத்தை எங்கள் வரவேற்பறைப் பெண் போனில் காட்டி, "மேடம், அப்படியே உங்க ஜாடை!" என்றாள். "இருக்கும், இருக்கும்" என்று சொல்லி வைத்தேன்.

என் எண்ணை நீ போனில் தடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. தபால்காரரைத் தடுக்க முடியாது, அதனால் கடிதம். பழைய கதையைக் கிளற வரவில்லை. எனக்கு மீன் வேண்டும்.

எங்கள் மறுவாழ்வு மையத்தில், பக்கவாதம் வந்தவர்களை நான் நிற்கவும் நடக்கவும் பழக்குகிற கூடத்தில், ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. குணமாகிப் போன ஒருவரின் குடும்பம் கொடுத்தது. செடி வைத்து நன்றாக வளர்த்துவிட்டேன், அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. மீனில்தான் கோட்டை விட்டேன். "எல்லாமே குள்ள சிக்லிட் மேடம், விரல் நீளந்தான் வளரும், ஒத்துமையா இருக்கும்" என்றார் கடைக்காரர். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வகைக்கு ஒன்றாக ஆறு வாங்கினேன். மூன்றே வாரத்தில் மிச்சம் ஒன்று. அது இப்போது தொட்டி முழுக்கத் தன் பெயரில் எழுதி வாங்கியதுபோல உலாத்துகிறது.

ஐந்தாவது மீன் செத்து மிதந்ததை முதலில் பார்த்தவர் ஒரு நோயாளி. "இதுவும் போச்சா" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தவர், அன்று பயிற்சிக்கே எழுந்து வரவில்லை. நிர்வாகி அம்மா என்னைக் கூப்பிட்டு, "ஜூன் முப்பது வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள அடிதடி நிக்கலன்னா தொட்டிய எடுத்துட்டு டிவி மாட்டிடுவேன்" என்றார்.

டிவி வந்தால் எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார், இடது பக்கம் விழுந்துவிட்டது. எவ்வளவு கெஞ்சினாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார். தொட்டிக்கு முன்னால் நிறுத்தினால் ஏழு நிமிடம் நிற்கிறார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அந்த ஏழு நிமிடத்தை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எதோடு எது சேரும் என்று எழுது. திட்டிக்கொண்டே எழுதினாலும் சரி, கையெழுத்து புரிந்தால் போதும்.

அக்கா

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

ஆர்டர் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நல்ல தாள் எடுக்க மனசு வரவில்லை.

மீன் அனுப்ப மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தீனி மட்டும் போடு, வேற எதையும் தொடாதே" என்று சொல்லித்தான் அந்த ஒரு வாரம் வீட்டுச் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனேன். நீ பில்டர் ஸ்பாஞ்சையெல்லாம் எடுத்துக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து துவைத்து வைத்தாய். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது ஸ்பாஞ்சில் இருக்கிற நல்ல கிருமியைக் கொன்றுவிடும். நான் திரும்பி வந்தபோது, நான்கு வருடம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த, முதுகுத் துடுப்பு கொண்டைபோல நிமிர்ந்து நிற்கிற குள்ள சிக்லிட்கள், என் கொண்டைக்காரர்கள் முப்பத்தெட்டும் இல்லை. "நான் ஒண்ணும் பண்ணலடா" என்றாய். ஸ்பாஞ்சைக் கழுவியதை ஒரு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்து சொன்னாய். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தையை இன்று வரை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் உன் தொட்டியில் சாகிற மீன் எனக்கு என்ன கெடுதல் செய்தது? அதனால் சொல்கிறேன்.

வகைக்கு ஒன்று வாங்குகிற புத்தி உனக்குத்தான் வரும். பிஸ்கட் வாங்கினாலும் நீ அப்படித்தான். குள்ள சிக்லிட் தரையில் குடித்தனம் நடத்துகிற மீன். அதற்குத் தண்ணீர் எத்தனை லிட்டர் என்பது முக்கியமில்லை, தரை எவ்வளவு, அதில் மறைவு எவ்வளவு என்பதுதான் கணக்கு. கண்ணில் பட்டால் சண்டை, படாவிட்டால் சமாதானம். கட்டையையும் செடியையும் வைத்து ஆறடியை மூன்று தெருவாகப் பிரி. ஒரு தெருவில் நிற்கிற மீனுக்கு அடுத்த தெரு தெரியக்கூடாது.

மிச்சமிருக்கிற அந்த ஒன்று கிரிப் என்கிற வகையாகத்தான் இருக்கும். வயிறு ஊதாச் சிவப்பாக இருக்கிறதா பார். பார்க்கப் பரம சாது, பாதித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூலைக்குத் துரத்தும். கடையிலேயே திருப்பிக் கொடு.

தரை மீன் என்பதால் தொட்டியைத் தாழ்வாக வை. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

தம்பி

ஏப்ரல் 26

தம்பிக்கு,

ஊதாச் சிவப்பு வயிறேதான். கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இது ரொம்ப நல்ல மீனாச்சே மேடம்" என்றார். "உங்களோடயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். டிரைவர் அதற்கு ரவுடி என்று பெயர் வைத்திருந்தார்.

தெருப் பிரிப்பதை இரண்டு மதிய இடைவேளையில் முடித்துவிட்டேன். ஆனால் தாழ்வாக வை என்றாயே, அதை மட்டும் கேட்க மாட்டேன். நீ எழுதியதைப் படித்ததும் வெல்டரைக் கூப்பிட்டு, இருந்த ஸ்டாண்டை எடுத்துவிட்டு நாலடி உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்ட் போடச் சொன்னேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் செடியின் தலைதான் தெரியும். மணல் தெரியாது. மீன் மணலில்தான் இருக்கும் என்று நீயே சொல்லிவிட்டாய். ஆக, பார்க்க வேண்டுமென்றால் எழுந்து நின்றுதான் ஆக வேண்டும். இருபத்தாறு வருடமாக மனிதர்களை எழுப்பி நிறுத்துவதுதான் எனக்குப் பிழைப்பு. இந்தக் குறுக்குப் புத்தி இல்லாவிட்டால் முடியுமா?

"ஏம்மா இவ்ளோ ஒசரம்?" என்று டிரைவர் முறைத்தார். "ஒசரமா இருந்தா தூசி விழாதுண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் நின்றார்.

இப்போது தொட்டியில் செடி மட்டும். மேலே நீல ராம் என்கிற மீன் நான்கு, கீழே உன் கொண்டைக்காரர்கள், கூட அவர்களின் அபிஸ்டோ இனத்திலேயே இன்னொரு வகை என்று நினைத்திருக்கிறேன். சரியா? மீன் நீதான் அனுப்ப வேண்டும். வேறு யாரிடமும் வாங்குவதாக இல்லை. நீ அனுப்ப மாட்டேன் என்றது எனக்குத் தெரியும், படித்தேன்.

அக்கா

மே 2

அக்காவுக்கு,

ஸ்டாண்ட் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தேன். கொஞ்சந்தான்.

நீ போட்ட பட்டியலே தப்பு. ராமும் தரை மீன்தான், மேலே கீழே என்று மாடி கட்டிக் கொடுக்க முடியாது. அதிலும் நீல ராமுக்கு இருபத்தெட்டு, முப்பது டிகிரி சூடு வேண்டும். கொண்டைக்காரனுக்கும் உன் செடிக்கும் இருபத்தாறு போதும். இரண்டையும் ஒரே ஹீட்டரில் கட்டிப்போட்டால் யாராவது ஒருவர் தினமும் கஷ்டப்படுவார்கள். அபிஸ்டோவில் இரண்டு வகை வேண்டவே வேண்டாம். பெண்மீன்கள் எல்லாம் ஒரே அச்சு. ஆணுக்கே அடையாளம் தெரியாமல் வகை கலந்துபோகும்.

இப்படிச் செய். முதலில் பென்சில் மீன் இருபது அங்கேயே வாங்கி விடு. அது மேல்மட்டத்தில் அலையும், யார் வம்புக்கும் போகாது. மேலே சின்ன மீன் பயமில்லாமல் திரிந்தால்தான் கீழே இருப்பதற்கு வெளியே வரத் தைரியம் வரும். அடுத்தது கொண்டைக்காரன் ஒரு ஆண், நான்கு பெண். ஒரு பெண்ணுக்கு ஒரு குகை, வாய் குறுகலாக இருக்க வேண்டும். உடைந்த பூந்தொட்டி போதும். கடைசியில், எல்லாம் அடங்கிய பிறகு, நடுத் தெருவில் வெறும் மணலை விட்டு அங்கே பொலிவியன் ராம் ஒரு ஜோடி. அதற்கு இருபத்தாறு ஒத்துவரும், மணலைச் சலித்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கும்.

இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. இடம் இருக்கிறதே என்று ஒன்று சேர்க்காதே.

கொண்டைக்காரர்கள் ஐந்தைப் பார்சலில் அனுப்புகிறேன். என் பழைய வம்சம் இல்லை, அது முடிந்துபோனது. இது வெளியே வாங்கியது. டிரைவருக்காக அனுப்புகிறேன், உனக்காக இல்லை. ராம் ஜோடி என்னிடம் இருக்கிறது. இந்த ஐந்தும் ஒரு மாதம் உயிரோடு இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

தம்பி

மே 20

தம்பிக்கு,

ஐந்தும் பத்திரமாக வந்தன, இரண்டு வாரம் ராஜபோகமாக இருந்தன. டிரைவர் ஒன்பது நிமிடம் நிற்கிறார். ஆண்மீன் குகை குகையாகப் போய்வருவதைப் பார்த்து, "இவனுக்கு நாலு ஸ்டாப்பிங்" என்கிறார்.

இன்று காலை ஒரு பெண்மீன் மஞ்சளாகிவிட்டது. சாம்பலாக இருந்த உடம்பு, வயிறு, கன்னம் எல்லாம் பளீரென்று மஞ்சள். குகையை விட்டு வெளியே வரவில்லை, தீனி எடுக்கவில்லை, கிட்டே வந்த ஆணைப் பாய்ந்து கடித்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு என்ன தோன்றும்? காமாலை என்றுதான் தோன்றியது. மற்றதற்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அதைப் பிடித்துத் தனியாக ஒரு பக்கெட்டில் விட்டிருக்கிறேன். தொட்டித் தண்ணீரேதான் ஊற்றினேன், காற்றுக் குழாயும் போட்டிருக்கிறேன்.

செய்தது தப்பாக இருக்கலாம். போன தடவை பயந்துபோய் மறைத்தேன். இந்தத் தடவை பிடித்த கை ஈரம் காய்வதற்குள் எழுதுகிறேன். என்ன மருந்து போட வேண்டும்?

அக்கா

மே 24

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் மையத்துக்குப் போன் செய்து, "பக்கெட்ல இருக்கறத உடனே தொட்டில விடச் சொல்லுங்க" என்று வரவேற்பறைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன்னைக் கூப்பிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அது காமாலை இல்லை. அவள் தாய். முட்டை போட்டதும் பெண்மீனுக்கு அந்த மஞ்சள் வரும், யாரும் கிட்டே வராதே என்பதற்கு அதுதான் அடையாளம். ஆணைக் கடித்ததும் அதற்குத்தான். குகையின் கூரையைப் பார்த்திருந்தால் சிவப்பாக முட்டை ஒட்டியிருந்தது தெரிந்திருக்கும். நீ தாயைத் தூக்கியதும் மற்றவை தின்று முடித்திருக்கும்.

உலகத்திலேயே தாய்க்குக் காமாலை மருந்து கேட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

இதற்கு மேலே ஒரு வரி எழுதிக் கறுப்பாக அடித்திருக்கிறேன், அதைப் படிக்க முயற்சி செய்யாதே. கை பழைய பழக்கத்தில் எழுதிவிட்டது. அன்றைக்கே எழுதினாய், அது எனக்குப் போதும். இரண்டு வாரத்தில் திரும்ப முட்டை போடுவாள். மஞ்சளானால் உன் கையைப் பின்னால் கட்டிக்கொள். தண்ணீர் என்ன சூடு என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து எழுது.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

திரும்ப மஞ்சளாகிவிட்டாள்! கூரையில் முட்டையைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தேன். கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன், டிரைவர் காவல். யாராவது கண்ணாடியைத் தட்டினால் வலது கையால் அவர்கள் கையைத் தட்டிவிடுகிறார்.

சூடு கேட்டாயே. தெர்மாமீட்டர் உடைந்து கிடந்தது. கையை விட்டுப் பார்த்து இருபத்தாறரை என்றேன். புதியது வாங்கி வைத்தால் இருபத்தாறரையே காட்டியது. இதில் என்னை அடிக்க ஆள் இல்லை. மெழுகு ஒத்தடம், வெந்நீர்ப் பை, தண்ணீரில் நடக்கப் பழக்குகிற குளம் என்று எல்லாவற்றையும் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியைத் தொட விடுவேன். உன் வீட்டிலும் அந்த வாரம் கொண்டைக்காரர் தொட்டியில் கையை விட்டேன். முப்பத்துநாலு. எங்கள் குளமும் சரியாக அதே முப்பத்துநாலுதான். தசையெல்லாம் இளகுகிற இதமான சூடு. பரவாயில்லையே, தம்பி மீனை எவ்வளவு வசதியாக வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வந்து பார்த்தால் எல்லாம் மிதந்தது. பதறிப்போய் அந்தத் தொட்டியின் பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். இரண்டு நாள் கழித்து நீ வந்தாய்.

இதையும் எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் இருப்பது? இங்கே வருகிறவர்கள், "மேடம் கைராசிக்காரங்க, அவங்கதான் வேணும்" என்று எனக்காகக் காத்திருந்து வருகிறார்கள். வெளியே சிரித்துக்கொள்வேன். உள்ளே நீ சொன்னதுதான் கேட்கும். "நீ கை வெச்சா எதுவும் விளங்காது." இரண்டு வருடமாக ஒவ்வொருவர் காலைத் தூக்கிப் பிடிக்கும்போதும் அது கேட்கிறது. எனக்கு வலிக்கிறதுடா. என் பிழைப்பே இந்தக் கைதான்.

முப்பதாம் தேதிக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது. தொட்டியை நான் எடுக்க விட மாட்டேன்.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

இது நல்ல தாள். நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

முப்பத்துநாலில் கொண்டைக்காரன் பிழைக்க மாட்டான். அவ்வளவு சூட்டில் தண்ணீரில் மூச்சுக்குக் காற்று நிற்காது. அந்தத் தொட்டி ஹீட்டரை நான் இருபத்தாறில் வைத்துவிட்டுப் போனேன். அது பழைய ஹீட்டர். அதற்கு முன்னால் ஒரு தடவை அணையாமல் எரிந்திருக்கிறது. தட்டிவிட்டேன், அணைந்தது. ஊருக்குப் போய் வந்து மாற்றலாம் என்று விட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் பரணில் இருந்த பெட்டியைத் திறந்து அதே ஹீட்டரை ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். இருபத்தாறில் வைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தாறைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது, முப்பத்தைந்து காட்டியபோதும் எரிந்துகொண்டேதான் இருந்தது.

நீ ஸ்பாஞ்சைக் கழுவியது மூன்று தொட்டிக்கும். செத்தது ஒரே தொட்டி. நீ கழுவியதைச் சொன்ன அன்றைக்கே அதைப் பார்த்தேன் அக்கா. பார்த்தும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹீட்டரைப் பார்த்திருப்பேன், நான் செய்தது தெரிந்திருக்கும். உன்னைத் திட்டுவது சுலபமாக இருந்தது. நீ ஒரு மாதம் மறைத்தாய், நான் இரண்டு வருடம் என்னிடமே மறைத்தேன்.

உன் கை அன்றைக்கும் சரியாகத்தான் சொன்னது. நான் சொன்ன வார்த்தைதான் தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வருடம் உன் காதில் கிடந்ததை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு அங்கே வர முடியாது. ராம் ஜோடியைப் பார்சலில் அனுப்பவா?

தம்பி

ஜூலை 1

தம்பிக்கு,

முதலில் தொட்டி. நேற்று பதினோரு மணிக்கு நிர்வாகி அம்மா கோப்பும் கையுமாக வந்தார். அவர் குள்ளம். நாலடி ஸ்டாண்டில் அவருக்கு மணல் தெரியவில்லை. படி ஏறிப் பழகுகிற கட்டையைப் போட்டு, அதில் ஏற்றி நிற்க வைத்தேன். மஞ்சள்காரி முப்பது நாற்பது குஞ்சுகளை மணலில் மேய்த்துக்கொண்டு போனாள். ஆண் எட்டிப் பார்த்தான், துரத்தினாள். நிர்வாகி அம்மா நன்றாகப் பார்ப்பதற்குக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற டிரைவர், "அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவளுக்கு டென்ஷன் ஆகுது" என்றார். நிர்வாகி அம்மா தள்ளி நின்றார்!

டிரைவர் பதினாலு நிமிடம் நின்றார். நிர்வாகி அம்மா அதற்கும் மேல் நின்றார். இறங்கும்போது, "டிவியெல்லாம் வேணாம். எனக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்க" என்றார். எத்தனை மீன் செத்தது என்று கேட்கக்கூட மறந்துவிட்டார். ஒன்றும் சாகவில்லை.

இப்போது உன் கடிதம். படித்துவிட்டு மருந்து அறைக்குள் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. மூன்றில் ஒரு தொட்டி என்று பார்த்தவன், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இரண்டு வருடம்டா! நீ எடுத்துக்கொண்ட வார்த்தை இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் நேற்று டிரைவர் காலைப் பிடித்து நிறுத்தியபோது அது கேட்கவில்லை. பிறகுதான் அதைக் கவனித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று தபாலில் எழுத மாட்டேன். நேரில் வைத்து நாலு திட்டு திட்ட வேண்டும், அதைப் பார்சலில் அனுப்ப முடியாது. நடுத் தெரு காலியாக இருக்கிறது. ஜோடியை நீயே கொண்டு வா.

அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ராம் ஜோடி என் மடியில் வரும். நாலு திட்டு என்றாய், எட்டாக வைத்துக்கொள், வாங்கிக்கொள்கிறேன்.

தொட்டியில் நான் கை வைக்க மாட்டேன். உன் கையால்தான் இரண்டையும் விட வேண்டும். அதனால் நான் வருவதற்குள் கையை நன்றாகக் கழுவி வைத்துக்கொள்.

சோப்பு வேண்டாம்.

தம்பி